நாலாவது மரத்துக்கு ஒரு ஸ்கோப்

“ஒத்தக் கண்ண மூடத் தெரியாத பொண்ண வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா ஸ்கோப் விக்கிறது?”

வேலைக்குச் சேர்ந்த அன்று ரீட்டா மேடம் என்னிடம் இப்படித்தான் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வராது. இடது கண்ணை மூடினால் வலதும் கூடவே மூடிக்கொள்ளும். கல்லூரியில் தோழிகள் இதைச் செய்துகாட்டச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்று மேடம் கொடுத்த ஸ்கோப்பை வாங்கி, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பார்த்தேன். “ஆத்துக்கு அந்தாண்ட சுவத்துல காக்கா ஒண்ணு உக்காந்திருக்கு மேடம். ஒரு கால் நொண்டி” என்றேன். மேடம் ஸ்கோப்பை வாங்கித் தானும் பார்த்தார். “நாளைக்கு ஒம்போதரைக்கு வா” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

தஞ்சாவூரில் புது ஆற்றை ஒட்டிய தெருவில் இருந்தது அந்தக் கடை. முன்பக்கத்தில் நில அளவைக் கருவிகளும் பைனாகுலர்களும் இருக்கும். உள்ளே கண்ணாடி அலமாரியில் ஏர் ரைபிள்களும், தூரத்துக் குறியைப் பெரிதாக்கிப் பார்க்க அவற்றின் மேல் மாட்டும் ஸ்கோப்புகளும் இருக்கும். மேடத்தின் கணவர் கடையை ஆரம்பித்துவிட்டுக் குவைத்துக்குப் போனவர். போனவர் அங்கேயே தங்கிவிட்டதால் கடை மேடத்தின் தலையில் விழுந்தது. ஸ்கோப் பக்கம் என் பொறுப்புக்கு வந்தது.

கடை மூடி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது எல்லாரும் போனிலேயே படம் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். ஆனாலும் ரைபிள் கிளப்பில் புதிதாகச் சேரும் பெண்கள் எப்படியோ என் நம்பரைக் கண்டுபிடித்துக் கேட்கிறார்கள். “அக்கா, எஃப்.எஃப்.பி. ஸ்கோப் வாங்கலாமா? எதை வாங்கலாம்?” ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதுகிறேன். முப்பத்தைந்து வயதுக்காரி பணி ஓய்வுக் கட்டுரை எழுதுவது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். நான் பார்த்த வேலை இனி தஞ்சாவூரில் இல்லை. அதைப் பார்த்தவளும் நான் ஒருத்திதான்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். அம்மா நடவுக்கும் களை எடுக்கவும் போனவர். அப்பாவுக்கு மடை திறப்பதும் வரப்பு வெட்டுவதும் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. பி.எஸ்சி. இயற்பியலில் ஒளியியல்தான் எனக்குப் பிடித்த பாடம். வேலை கிடைத்ததும் அம்மா தெருவெல்லாம், “பொண்ணு கண்ணாடிக் கடையில இருக்கா” என்று சொல்லிவிட்டார். மறுவாரமே சித்தி வந்து உட்கார்ந்துகொண்டார். “ஊசில நூல் கோக்க முடியல வளரு, நல்ல கண்ணாடியாப் பாத்து ஒண்ணு கொண்டாயேன்.” எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் அந்தக் கண்ணாடி விக்கல சித்தி” என்று வெடுக்கென்று சொன்னேன். பின்னே எந்தக் கண்ணாடி என்று அவர்களுக்கு விளக்க நான் உட்காரவில்லை. அவர்களும் அப்புறம் கேட்கவில்லை.

முதல் மூன்று வருடங்களில் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லலாம். துடைக்கக் கற்றேன். திருகாணியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கற்றேன். ஸ்பிரிங் வகை ஏர் ரைபிள் சுடும்போது பின்னால் ஒரு உதை, முன்னால் ஒரு உதை என்று இரண்டு பக்கமும் ஆட்டும். பெரிய துப்பாக்கிக்குச் செய்த விலை உயர்ந்த ஸ்கோப்கூட அந்த ஆட்டத்தில் உள்ளே கழன்றுபோகும். ஏர் ரைபிளுக்கென்றே செய்ததா என்பதை முதலில் பார்க்கக் கற்றேன். பத்து மீட்டரில் இருக்கிற பொருள் தெளிவாகத் தெரிகிறதா என்பதை இரண்டாவதாகப் பார்க்கக் கற்றேன். கடைக்கு வருகிறவர்கள் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஆள் யாரும் இல்லயா?” என்று கேட்டால், “நான்தான் ஆள், சொல்லுங்க” என்று முகம் மாறாமல் சொல்லக் கற்றேன். இந்தக் கடைசிப் பாடத்துக்குத்தான் அதிக நாள் பிடித்தது.

மேடம் அதிகம் பேச மாட்டார். வாடிக்கையாளர் பேசும்போது நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு லென்ஸ் மூடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். வந்தவர் பேசி முடித்ததும் மேடத்திடமிருந்து மூன்றே கேள்விகள்: “எங்க சுடுவீங்க? எவ்வளவு தூரம்? எந்த நேரத்துல?” பறவை, குரங்கு என்று வாயெடுத்தால் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். அட்டையும் தகரமும் சுடுகிறவருக்குத்தான் எங்கள் கடை. முதல் நாள் வருகிறவருக்கு ஸ்கோப் விற்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். “ஆசைல வாங்குறவன் அடுத்த வாரம் வந்து சண்ட போடுவான். ரெண்டாந்தடவ வர்றவன்தான் வாங்குறவன்.” சட்டத்தால் பல பேரை இழந்தோம். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

மதியம் அவர் மாடிக்குப் போய்ச் சாப்பிடுவார். நான் கடையின் பின்வாசல் படியில் உட்கார்ந்து, ஆற்றைப் பார்த்தபடி சாப்பிடுவேன். பதின்மூன்று வருடத்தில் ஒரு நாளும் அவர் என்னை மேலே கூப்பிட்டதில்லை. நானும் போய்க் கதவைத் தட்டியதில்லை.

அந்தப் பின்வாசல்தான் என் சோதனைச்சாலை. எதிர்க்கரையில் ஒரு ரைஸ்மில்லின் நீளமான சுவர் இருந்தது. சிமெண்ட் பூசாத செங்கல் சுவர். வாசலில் ஒரு நாற்காலி, அதன் முன்னால் ஸ்கோப்பை மட்டும் தனியாகப் பிடித்து வைக்க ஒரு மரப்பிடி. வாங்க வந்தவரை அங்கே உட்கார வைத்து, சுவரைப் பார்க்கச் சொல்வேன்.

ஸ்கோப்புக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஒரு சிலுவைக்கோடு இருக்கும். நெடுக்குக் கோட்டில் அளவுகோல்போலச் சின்னச் சின்னக் குறிகள் இருக்கும்; சுடுகிறவர்கள் அதையும் கோடு என்றுதான் சொல்வார்கள். ஏர் ரைபிளின் சின்ன ஈயக்குண்டு, பெல்லட், மெதுவாகப் போகும், சீக்கிரம் தாழும். அதனால் தூரம் கூடக்கூட, எத்தனை குறி இறங்கிக் குறி வைப்பது என்பதுதான் முழு வித்தையும். சாதாரண ஸ்கோப்பில் ஜூம் வளையத்தைத் திருப்பினால் சுவர் பெரிதாகும், கோடுகள் அப்படியே நிற்கும். முழு ஜூமில் இரண்டு குறிகளுக்கு நடுவே ஒரு வரிசைச் செங்கல் இருந்தால், பாதி ஜூமில் இரண்டு வரிசை வந்துவிடும். அப்போது குறிகளுக்கு அர்த்தம் மாறிவிடுகிறது. எஃப்.எஃப்.பி. வகையில் கோடுகள் முன்பக்கத்துப் பிம்பத்தோடு சேர்ந்தே இருக்கும். சுவர் வளர்ந்தால் கோடும் வளரும், சுவர் சுருங்கினால் கோடும் சுருங்கும். எந்த ஜூமிலும் இரண்டு குறிக்கு ஒரு வரிசைச் செங்கல்தான். இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்தச் சுவரைக் காட்டினால் வளையத்தை ஒரு தடவை திருப்புகிற நேரம் போதும்.

கோவிந்தராசு ஐயா அந்த நாற்காலியில் உட்கார மறுத்தவர்.

வெள்ளைச் சட்டை, அறுபதைத் தாண்டிய வயது. ரைபிளைப் பழைய போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். மேடம் மாடியில் இருந்தார்.

“ஆள் யாரும் இல்லயாம்மா?”

“நான்தாங்கய்யா ஆள். சொல்லுங்க.”

என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போர்வையைப் பிரித்தார். “எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். கண்ணு போச்சா, கண்ணாடி போச்சா?”

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன் பிரபு இங்கிலாந்தில் வேலைக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. விசா, வேலை, குழந்தை என்று போனவன் ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. மகன் கல்லூரியில் படித்தபோது இருவரும் தோப்பில் தகரம் கட்டிச் சுடுவார்களாம். மகன் அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்து மறுபடியும் ஆரம்பித்தான். இவரும் பழைய ரைபிளை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோ காலில் இருவரும் மாற்றி மாற்றிச் சுடுவார்கள்.

“முன்னாடியெல்லாம் ‘சாப்டீங்களா’ம்பான். ‘சாப்டேன்’ம்பேன். அதுக்கு மேல பேச்சு ஓடாது. இது வந்தப்பறம் ஒரு மணி நேரம் பேசறோம்மா. ‘நாலாவது மரத்துல தகரத்தக் கட்டுங்க, ஒரு கோடு எறக்கி வைங்கப்பா’ம்பான். அவனோடது மாதிரியே கோடு போட்ட கண்ணாடியா பாத்துத்தான் மதுரைல வாங்கினேன். ஒரு நாள் மேல போவுது, ஒரு நாள் கீழ போவுது. இப்ப மூணு வாரமா ஒண்ணும் படல.”

“மகன் என்ன சொல்றாருங்க?”

“‘ஒங்களுக்குக் கண்ணு தெரியல, தனியா இருந்தது போதும்’ங்கறான். அடுத்த மாசம் லீவு போட்டு வர்றானாம். தோப்பக் குடுத்துட்டு என்னையும் அழச்சிட்டுப் போறானாம்.” ரைபிளை மேஜைமேல் வைத்தார். “தோப்ப வித்துட்டு அங்க போயி நான் என்னாத்தம்மா பண்றது? சன்னல்ல உக்காந்து பனியப் பாக்கவா?”

ஒருவழியாக அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். அவருடைய ஸ்கோப்பைக் கழற்றி மரப்பிடியில் வைத்து, செங்கலை எண்ணச் சொன்னேன். முழு ஜூமில் ஒன்று. பாதி ஜூமில் இரண்டு.

“நீங்க எந்த ஜூம்ல வச்சு சுடுவீங்க?”

“தோப்பு நெழலும்மா. ஜூம் ஏத்துனா இருட்டடிக்கும். வெளிச்சத்தப் பொறுத்து முன்னப்பின்ன வச்சுக்குவேன்.”

“அதாங்கய்யா. மகன் வச்சிருக்கறது எஃப்.எஃப்.பி.யா இருக்கும். அவரோட ஒரு கோடும் உங்களோட ஒரு கோடும் வேற வேற. உங்களோடதே ஒவ்வொரு வாரமும் வேற.”

அவர் சிரித்த சிரிப்பில் மாடியில் இருந்த மேடம் எட்டிப் பார்த்தார். “அப்ப கண்ணாடிதான்! அந்தப் பய என்னைக் குருடனாக்கப் பாத்தான். எடும்மா, அவனோட மாதிரி ஒண்ணு.”

“மொத நாள் விக்கிறதில்ல” என்றார் மேடம் மாடிப்படியிலிருந்து.

“இது என்ன கடையா, கல்யாண எடமா? ரெண்டு தடவ வந்து பொண்ணு பாக்கணுமா?”

எனக்கு என்ன தோன்றியதோ, “ஞாயித்துக்கெழம நானே தோப்புக்குக் கொண்டாந்து மாட்டிக் காட்டறேங்கய்யா. சரியா இருந்தா வச்சுக்குங்க” என்றேன். அவர் போன பிறகு மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எந்தக் கடைக்காரி வீடு தேடிப் போவா?” என்றார். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு ஸ்கோப் பெட்டிகளை எடுத்து என் முன்னால் தள்ளினார். “கீறல் விழுந்தா நீதான் பாத்துக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை பட்டுக்கோட்டை பஸ்ஸில் இரண்டு பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஐயா இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டிருந்தார். ஒன்று எனக்கு. இன்னொன்றில் அவர் உட்காரவே இல்லை. என்னைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி இளநீர் வெட்டினார். அந்த வீட்டுக்கு ஆள் வந்து நாளாகியிருக்க வேண்டும்.

அரை அடி அகலமுள்ள ரொட்டி டின் மூடி ஒன்றை ஸ்கேல் வைத்து அளந்து எடுத்துக்கொண்டேன். அதை ஒரு பலகையில் ஆணி அடித்து நாலாவது மரத்தில் சாத்தினோம். பலகைக்குப் பின்னால் மணல் மூட்டைகள். தென்னைக்குத் தென்னை இருபத்தைந்து அடி இடைவெளி. அதனால் நாலாவது மரம் என்றால் ஏறக்குறைய முப்பது மீட்டர். அந்தத் தூரத்துக்கு மகன் சொன்ன ஒரு கோடு சரியான கணக்குத்தான்.

முதலில் எனக்குப் பிடித்த ஸ்கோப்பை மாட்டினேன். ஆறிலிருந்து இருபத்துநாலு மடங்கு வரை போகும் எஃப்.எஃப்.பி., தலைமுடிபோல் மெல்லிய கோடுகள். பக்கத்து மரத்தில் வைத்துக் குறியைச் சரிசெய்து கொடுத்தேன். ஐயா தன் வழக்கப்படி ஜூமைக் குறைத்துக்கொண்டு பார்த்தார்.

“கோடு எங்கம்மா?”

“நடுவுலதாங்கய்யா.”

“வெறும் தகரந்தான் தெரியுது.”

வாங்கிப் பார்த்தேன். சின்ன ஜூமில் கோடு சுருங்கி மெலிந்திருந்தது. நிழல் வேறு. எஃப்.எஃப்.பி. வாங்குகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஆனாலும் எனக்குத் தெரிந்தது. என்ன கேட்கிறேன் என்று யோசிக்காமலே கேட்டுவிட்டேன்.

“இடது கண்ணால பாருங்கய்யா.”

தலையைச் சாய்த்துப் பார்த்தார். “ஆ, இருக்கே. நல்லாத் தெரியுதே.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு அது உறைத்தது. ஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

“வேற கண்ணாடி போடும்மா” என்றார்.

இரண்டாவது ஸ்கோப்பும் எஃப்.எஃப்.பி.தான், ஆனால் மூன்றிலிருந்து பன்னிரண்டு மடங்கு வரைதான். பெட்டியில் பெருமையாகப் போட்டுக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் கோடுகள் தடித்தவை, நடுவில் சிவப்பாக எரியும் ஒரு புள்ளி. அது அவருடைய வலது கண்ணுக்கும் தெரிந்தது. அதையும் பக்கத்து மரத்தில் வைத்துச் சரிசெய்து கொடுத்தேன். மகன் சொல்கிறபடி ஒரு கோடு இறக்கிக் குறி வைத்துச் சுட்டார். சத்தம் இல்லை. மறுபடியும் சுட்டார். பெட்டியில் கை விட்டு விட்டு பெல்லட் எடுத்து, நான் போதும் என்கிற வரை சுட்டார். மூடி ஒரு தடவைகூட ஒலிக்கவில்லை.

போய்ப் பார்த்தேன். மூடிக்குக் கீழே நாலு விரல் இறக்கத்தில், பலகையில், உள்ளங்கைக்குள் அடங்குகிற இடத்தில் எல்லாத் துளைகளும் கிடந்தன. சரியான ஸ்கோப் வந்த பிறகு பெல்லட் முன்பைவிடக் கீழே போயிருந்தது.

“இதுவும் போச்சா?” என்று அங்கிருந்தே கேட்டார். குரலில் கேலி இல்லை.

திரும்பி வந்து ஸ்கோப்பில் மூடியை அளந்தேன். முப்பது மீட்டரில் அரை அடி மூடி ஐந்து குறிகளை அடைக்க வேண்டும். மூன்றைத்தான் கொஞ்சம் தாண்டியது. ஜூமை ஏற்றினேன், இறக்கினேன். அதே மூன்றும் கொஞ்சமும். அந்த வகை ஸ்கோப் இந்த விஷயத்தில் மாற்றிப் பேசாது. மூடி அவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்றால், அது இருந்த இடம் முப்பது இல்லை, நாற்பத்தைந்து மீட்டர்.

எழுந்து வரிசையோடு நடந்தேன். முதல் மரம், இரண்டாவது, மூன்றாவது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே பூசணிக்கொடி படர்ந்திருந்தது. காலால் விலக்கினேன். தரையோடு தரையாக அறுத்த அடிக்கட்டை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

“இங்க ரெண்டு மரம் இருந்துச்சாய்யா?”

அவர் பக்கத்தில் வந்து நின்றார். “புயல்ல போச்சு. தோப்புல பாதிக்கு மேல போச்சும்மா. அவன் அப்பத்தான் அங்க வேலைல சேந்திருந்தான். சொன்னா ஓடியாந்துருவான். ரெண்டு மூணு மரம் விழுந்துச்சுன்னு மட்டும் சொன்னேன். அப்பறம் சொல்ல நேரமே வரல.”

அப்போதுதான் நான் கவனித்தேன். போன் கட்டுவதற்கு மரத்தில் ஒரு கயிறு தொங்கியது. அதில் போனைக் கட்டினால் கேமரா வீட்டுப் பக்கம்தான் பார்க்கும். நாற்காலியில் உட்கார்ந்த இவருடைய முகமும் வீட்டுச் சுவரும் மட்டுமே மகனுக்குத் தெரியும். தோப்பு தெரியாது.

“இருக்கறதுல அது நாலு” என்றார். “வச்சதுல ஆறு.”

ஐந்து மணிக்கு போன் அடித்தது. கயிற்றில் கட்டினார். பிரபு எடுத்த எடுப்பில் என்னைப் பார்த்துவிட்டான்.

“யாருப்பா அது?”

“தஞ்சாவூர் ஸ்கோப் கடைக்காரம்மா.”

“ஞாயித்துக்கெழம வீட்டுக்கே வந்து விக்கிறாங்களா? நல்ல ஆளாப் பாத்துத்தான் புடிச்சிருக்காங்க. ஏங்க, கண்ணு தெரியாதவருக்கு எத்தன கண்ணாடி விப்பீங்க?”

“இன்னும் ஒண்ணும் விக்கல சார்.”

“சரி, நீங்களே சொல்லுங்க. எங்கப்பாவுக்குக் கண்ணு தெரியுதா இல்லயா?”

ஐயா என்னைப் பார்த்தார். தெரிகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் தோப்பு தப்பிக்கும், கண் போகும். தெரியவில்லை என்று சொன்னால் அடுத்த மாதம் தோப்பு போகும். அந்த வேலையில் நான் கடைக்கு வெளியே நின்று பேசியது அந்த ஒரு தடவைதான்.

“வலது கண்ணு மங்கலாத்தான் இருக்கு சார். நான் டாக்டர் இல்ல, டாக்டர்ட்ட காட்டணும். ஆனா இப்ப சுட்டது பூரா ஒரே எடத்துல போயிருக்கு. கையும் மனசும் சரியில்லாத ஆள் அப்படி சுட முடியாது. கண்ணுக்கு வைத்தியம் இருக்கு. அதுக்காகத் தோப்ப விக்க வேணாம்.”

“ஒரே எடத்துல போயிருந்தா மூடில ஏன் படல?”

நான் ஐயாவைப் பார்த்தேன். அந்தப் பதில் என்னுடையது இல்லை. மகன் மறுபடியும் கேட்டான். ஐயா எழுந்து கயிற்றை அவிழ்த்தார். போனைத் திருப்பித் தோப்பைக் காட்டியபடி நடக்க ஆரம்பித்தார். கட்டைகளுக்கு நேரே வரும்போதெல்லாம் நின்று, போனைத் தரைக்குக் காட்டி, மறுபடி நடந்தார்.

போனிலிருந்து மகனின் குரல் கேட்டது. “அம்மா துணி காயப்போடுற மரம்?”

“அதுவும்தாண்டா.”

“ஏம்ப்பா சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன, நிமித்தி வச்சிருப்பியா?”

அவர் வரிசையைச் சுற்றித் திரும்பி நாற்காலிக்கு வந்துவிட்டார். போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் பிரபு, “மூடி இப்ப எவ்வளவு தூரம்ப்பா?” என்றான்.

“நாப்பத்தஞ்சு மீட்டராம். இந்தப் பொண்ணு சொல்லுது.”

“அப்ப நாலு கோடு வைங்க.”

முதல் பெல்லட் பலகையில் பட்டது. இரண்டாவதற்கு மூடி ‘டங்’ என்றது.

“கேட்டுச்சாடா?”

“கேட்டுச்சுப்பா.”

பஸ் நிறுத்தம் வரை ஐயா கூடவே வந்தார். பஸ் வரும்போது, “கண்ணப் பத்தி நீ சொல்லியிருக்க வேணாம்” என்றார். பஸ்ஸில் ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அம்மாவிடம் சொல்ல ஸ்கோப் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மேடம் மறுநாள் காலை பெட்டியைத் திறந்து கீறல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

சில மாதங்கள் கழித்து ஐயா கறுப்புக் கண்ணாடியோடு கடைக்கு வந்தார். மகன் வந்து கூட இருந்து, வலது கண்ணில் புரையை எடுக்க வைத்திருக்கிறான். இருவருமாக இடைவெளிகளில் கன்று நட்டிருக்கிறார்கள். தோப்பு அப்படியே இருக்கிறது. மகன் திரும்பிப் போய்விட்டான். கேட்காமலே பின்வாசல் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். “செங்கலுக்கு நடுவுல சாந்துகூடத் தெரியுதும்மா” என்றார். கொஞ்சம் கழித்து, “ஆமா, அன்னைக்கு இடது கண்ணால பாக்கச் சொன்னியே, எதப் பாத்துச் சொன்ன?” என்று கேட்டார்.

“எனக்குத் தெரிஞ்ச கோடு உங்களுக்குத் தெரியல. அவ்வளவுதாங்கய்யா.”

“அவ்வளவுதானா? டாக்டரு ஒரு வெளிச்சத்த அடிச்சாரு, ‘இங்க இருக்கு பாருங்க’ன்னு படம் போட்டே காட்டிட்டாரு.”

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று மதியம் படியில் உட்கார்ந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணா, கண்ணாடியா என்று அவர் கேட்ட கேள்வியில் பாதிக்குத்தான் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

அதற்கப்புறம் கடைக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். வந்தவர்களும் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துவிட்டு, போனில் ஆர்டர் போட்டுக்கொண்டு போனார்கள். மேடம் கணவரோடு போய் இருக்க முடிவு செய்தார். கடைசி நாள் சாவியை வாங்கிக்கொண்டு, “ஒத்தக் கண்ண மூடாமலே இத்தன வருசம் ஓட்டிட்ட” என்றார். அவர் என்னிடம் சொன்ன பெரிய பாராட்டு அதுதான். ரைஸ்மில் கைமாறி, எதிர்க்கரைச் சுவருக்குச் சிமெண்ட் பூசி வெள்ளையடித்துவிட்டார்கள். இப்போது அங்கே எண்ணுவதற்கு எதுவும் இல்லை.

கேட்கிற பெண்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஜூமை மாற்றி மாற்றிச் சுடுகிறவளாக இருந்தால், தூரத்தை நீயே அளக்க வேண்டியிருந்தால், எஃப்.எஃப்.பி. வாங்கு. ஒரே தூரத்தில் ஒரே ஜூமில் சுடுகிறவளுக்கு அந்தக் கனமும் செலவும் தேவையில்லை. பெட்டியில் எழுதியிருக்கிற பெரிய எண்ணைப் பார்க்காதே. நீ வைக்கப்போகிற சின்ன ஜூமில், நீ சுடப்போகிற வெளிச்சத்தில், கோடு உன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார். பூசாத சுவர் ஒன்றைக் கண்டுபிடித்து வளையத்தைத் திருப்பிப் பார். கோடு தெரியவில்லை என்றால் உடனே ஸ்கோப்பைத் திட்டாதே, அடுத்த கண்ணாலும் ஒரு தடவை பார்.

அதற்கு மேல் கேட்டால் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்கிறேன். திருச்சியில் கண் பரிசோதனைப் படிப்பில் சேர்ந்துவிட்டேன். தினமும் காலை ரயிலில் போகிறேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகளுக்கு என் வயதில் பாதிதான். என்னை ‘மேடம்’ என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். மதியம் நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். அம்மாவிடம் சொன்னபோது, “பதிமூணு வருசமா அதத்தானே நான் தெருவுல சொல்லிக்கிட்டு இருக்கேன்” என்றார்.

முதல் நாள் செய்முறை வகுப்பில் ஆளுக்கு ஆள் கண்ணைச் சோதிக்கச் சொன்னார்கள். ஒரு கண்ணை மூடச் சொல்வார்களே என்று உள்ளங்கையைத் தயாராக வைத்துக்கொண்டேன். அங்கே யாரையும் மூடச் சொல்வதில்லை. மறைத்துக்கொள்ள, கரண்டிபோல் கறுப்பாக ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். அதை வாங்கி இடது கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த எழுத்துகளைக் கடைசி வரிசை வரை படித்தேன். பிறகு கை மாற்றிக்கொண்டேன்.